எஞ்சின் இல்லாத வண்டிக்கு எதற்கு சர்வீஸ்

மயிலாப்பூர்
12.6.2025

அன்பு மகள் டெல்பினுக்கு,

உன் தாய்மாமன் அகஸ்டின் எழுதுவது. நான் சுகம், உன் அம்மா சுகம், உன் கார் எங்கள் இருவரையும்விடச் சுகம். ஏற்காட்டுக் குளிர் எப்படி இருக்கிறது? மடத்தில் வெந்நீர் தருகிறார்களா? கன்னியாஸ்திரீ ஆவதற்கு முந்தைய பயிற்சி வருடத்தில் போன் கிடையாது, கடிதம் மட்டும்தான், அதையும் மதர் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள் என்று நீ சொல்லிவிட்டுப் போனதிலிருந்து எனக்கு ஒரே சந்தோஷம். நான் எட்டாம் வகுப்போடு நின்றபோது, "இந்தக் கையெழுத்து போனால் இந்தப் பள்ளிக்கூடத்தில் வேறு என்ன இருக்கிறது?" என்று ஃபாதர் கண் கலங்கினார். மதரும் பார்த்துப் பயன் பெறட்டும்.

நீ சாவியைக் கொடுத்தபோது சொன்னது ஒன்றுதான். "செவ்வாய், வியாழன், சனி. அம்மாவை அடையாறு டயாலிசிஸ் சென்டருக்குக் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வரணும் மாமா. ஒரு நாள்கூடத் தவறக் கூடாது." மகளே, தவறவில்லை. லஸ் சர்ச் பக்கத்திலிருந்து எடுத்தால் மந்தைவெளி, கிரீன்வேஸ் ரோடு, அடையாறு பாலம், சென்டர் வாசல். அக்கா செபமாலையில் பாதி உருட்டுவதற்குள் இறக்கிவிடுகிறேன்.

"டேய், எதுக்குடா இப்படிப் பறக்குற? நான் ரத்தம் சுத்தம் பண்ணத்தான் போறேன், மோட்சத்துக்குப் போகல" என்கிறாள்.

நான் என்ன செய்வேன்? வண்டி அப்படி. தி. நகர் முதலாளியிடம் அம்பாசடர் ஓட்டிய காலத்தில் மவுண்ட் ரோட்டில் போலீஸ்காரர் எனக்கு சல்யூட் அடித்துவிட்டுத்தான் சிக்னலை மாற்றுவார். ஆனால் அந்த அம்பாசடரும் இதுவும் ஒன்றாகுமா! பச்சை விழுந்ததும் காலை லேசாக வைத்தால் போதும். பக்கத்தில் நிற்கிற எல்லா வண்டியும் புகைப்படம் மாதிரி அப்படியே நிற்கிறது. முந்தாநாள் மந்தைவெளி சிக்னலில் ஒரு ஜட்ஜ் கண்ணாடியை இறக்கி, "என்ன வண்டி சார் இது?" என்று கேட்டார். அவர் ஜட்ஜ் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று அக்கா கேட்டாள். முகத்திலேயே தீர்ப்பு எழுதியிருந்தது.

நீ கொடுத்த சர்வீஸ் புத்தகத்தை மாதா படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருக்கிறேன். அக்காவின் இடது கை நன்றாக இருக்கிறது. டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக நரம்பை இணைத்துத் தைத்திருக்கிறார்களே, அந்த இடத்தில் நீ காட்டிக்கொடுத்த மாதிரி விரல் வைத்துப் பார்த்தேன். உள்ளே தேனீயைப் பிடித்து அடைத்த மாதிரி விர்ரென்று அதிர்கிறது.

என் முழங்கால் வலியையும் உன் செபத்தில் சேர்த்துக்கொள். முதல் வரிசையில் வேண்டாம், கடைசியில் போதும்.

உன் மாமா
அகஸ்டின்

~

ஏற்காடு
6.7.2025

அன்பு மாமாவுக்கு,

இயேசுவின் சமாதானம் உங்கள் இருவரோடும் இருப்பதாக. நான் நலம். வெந்நீர் ஞாயிற்றுக்கிழமை மட்டும். உங்கள் கடிதத்தை மதர் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். எங்களுக்கு மாதம் ஒரு கடிதம் எழுதத்தான் அனுமதி, அதனால் முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

சர்வீஸ் புத்தகம் மாதா படத்துக்குப் பின்னால் இருந்தால் மாதாதான் படிப்பாள். தயவுசெய்து நீங்கள் படியுங்கள்.

இந்த வண்டியின் அடியில் முழுக்க பேட்டரி. பார்க்கச் சின்னதாக இருந்தாலும் கனம் அதிகம். நீங்கள் பச்சை விழுந்ததும் பாய்கிறீர்களே, அந்த வேகம் அத்தனையும் முன் டயர் இரண்டின் மேல்தான் விழும். பெட்ரோல் வண்டியைவிட இதில் டயர் சீக்கிரம் தேயும். வாரம் ஒரு முறை காற்றுப் பாருங்கள். முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போடும் நேரம் வந்துவிட்டது. வருடாந்திர சர்வீஸும் இந்த மாதம்தான். வேளச்சேரி ஒர்க்ஷாப்பிலிருந்து கிரீஷ் என்பவர் கூப்பிடுவார். அவர் சொல்கிற நாளில் வண்டியை விடுங்கள்.

அம்மாவின் இடது கையில் யாரும் பிரஷர் பார்க்கக் கூடாது, அந்தக் கையில் பை மாட்டக் கூடாது, எதிலும் இடித்துக்கொள்ளக் கூடாது. அந்த அதிர்வு நின்றால் ஊசி குத்த வழி இருக்காது. மற்றதை எழுதாவிட்டாலும், அதிர்கிறது என்று மட்டும் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுங்கள்.

உங்கள் முழங்காலை முதல் வரிசையிலேயே வைத்திருக்கிறேன்.

அன்புடன்
டெல்பின்

~

மயிலாப்பூர்
24.7.2025

அன்பு மகளுக்கு,

மாமா சுகம். அக்கா சுகம், கை அதிர்கிறது. முதலிலேயே எழுதிவிட்டேன், இனி நிம்மதியாகப் படி.

உன் கிரீஷ் கூப்பிட்டான். நல்ல பிள்ளைதான், ஆனால் என்னிடம் வந்து மாட்டிக்கொண்டான். "சார், சர்வீஸ் டியூ" என்றான். நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"எஞ்சின் ஆயில் மாத்துவியா தம்பி?"

"இல்ல சார், இதுல எஞ்சினே இல்ல."

"ஆயில் ஃபில்டர்?"

"இல்ல சார்."

"பிளக்கு, கார்புரேட்டர், சைலன்சர்?"

"எதுவுமே கெடையாது சார்."

"அப்ப இன்னாத்துக்கு சர்வீஸ்? வண்டிக்கு மாலை போட்டு மரியாதை பண்ணி அனுப்புவீங்களா?"

போனில் பேப்பர் புரளும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "டயர் மாத்திப் போடணும் சார், அலைன்மென்ட் பாக்கணும், பிரேக் ஆயில், கூலன்ட், ஏசி ஃபில்டர்..." என்று ஆரம்பித்தான். பிரேக்கை நான் மிதிப்பதே இல்லை, காலை எடுத்தாலே வண்டி தானாக நிற்கிறது என்று சொன்னேன். "அதனாலதான் சார் டயர் பாக்கணும்னு சொல்றேன்" என்றான். விவரம் தெரியாத பிள்ளை. அவன் பிறப்பதற்கு முன்னாலேயே ஓடும் வண்டியில் கியர்பாக்ஸ் மாற்றினவன் நான் என்று அவனுக்கு யார் சொல்வது? நானே சொன்னேன்.

போகட்டும், வண்டியை விட எனக்கு நாள் எங்கே இருக்கிறது? மூன்று நாள் உன் அம்மாவுக்கு. திங்கட்கிழமை மாடி வீட்டு ஜானகி மாமியை நங்கநல்லூர் ஆஞ்சநேயரிடம் கூட்டிப் போனேன். "அகஸ்டின், விமானத்துல ஒக்காந்துண்டு வர மாதிரி இருக்கு" என்றார்கள். அவர்கள் விமானத்தில் போனதில்லை, ஆனாலும் சரியாகத்தான் சொன்னார்கள். புதன்கிழமை நம் சர்ச் பங்கு மக்கள் சிலரைப் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதாவிடம் கொண்டு போனேன். வெள்ளிக்கிழமை ஈ.சி.ஆரில் சும்மா ஒரு ஓட்டம். வண்டி என்றால் ஓட வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு மனம் விட்டுப்போகும்.

உன் அம்மாவுக்கு வாரம் மூன்று சர்வீஸ், உன் வண்டிக்கு வருடத்துக்கு ஒன்றுகூட வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னேன். இருமல் வரும்வரை சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாள் ஆகிறது. அதனால் மதர் இந்த வரியை அடிக்காமல் விட வேண்டும்.

உன் மாமா
அகஸ்டின்

~

ஏற்காடு
17.8.2025

அன்பு மாமாவுக்கு,

சமாதானம். நானும் நலம். அம்மா சிரித்தார்கள் என்று எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன்.

ஆனாலும் மாமா, சர்வீஸுக்கு விடாவிட்டால் இதையாவது செய்யுங்கள். வண்டிக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து முன் டயரைப் பாருங்கள். டயரின் பள்ளத்துக்குள்ளே அங்கங்கே சின்னச் சின்ன மேடு இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டின் உயரத்துக்கு வந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். அதற்குத்தான் அந்த மேட்டை வைத்திருக்கிறார்கள். அப்படி இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் மாற்றுங்கள். கரண்ட் வண்டிக்கென்றே கனம் தாங்கும் டயர் தனியாக இருக்கிறது, அதையே கேட்டு வாங்குங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் செய்துவிடுங்கள்.

மாமா, இங்கே தோட்டத்தில் மிளகுக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது அடையாறு பாலத்து இறக்கம் ஞாபகம் வருகிறது. இறங்கி வந்து நானே அந்த டயரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போக முடிந்தால் நன்றாக இருக்கும்.

செப்டம்பர் முழுவதும் எங்களுக்கு மௌனத் தியானம். நான் எழுத முடியாது. வருகிற கடிதங்களையும் தியானம் முடிந்த பிறகுதான் கொடுப்பார்கள். அதனால் இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் என் பேச்சைக் கேளுங்கள்.

அன்புடன்
டெல்பின்

~

மயிலாப்பூர்
20.9.2025

அன்பு மகளுக்கு,

நீ பேசாமல் இருக்கிறாய் என்பதற்காக நானும் பேசாமல் இருக்க முடியுமா? மாமா சுகம், அக்கா சுகம், தேனீயும் சுகம்.

உன் பேச்சைக் கேட்டேன். குனிந்தேன், முழங்கால் கதறியது, ஆனாலும் பார்த்தேன். நீ சொன்ன மேடும் டயரும் ஒரே உயரத்தில் இருந்தன. என்ன செய்தேன் தெரியுமா? பதறவில்லை. மந்தைவெளி டயர் கடைக்குப் போனேன். அந்தக் கரண்ட் வண்டி டயர் கைவசம் இல்லை, வர நாளாகும் என்றார்கள். அதற்குள் மழை வந்துவிட்டால்? அங்கேதான் உன் மாமாவின் மூளை வேலை செய்தது. நேராகப் புதுப்பேட்டை, நம் மெஹபூப் அலி.

மெஹபூப் அலியை உனக்குத் தெரியாது. மொட்டை டயரில் சூட்டுக் கத்தியால் மறுபடி பள்ளம் வெட்டிக் கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. என் அம்பாசடருக்கு அவர் வெட்டிய டயரோடு கன்னியாகுமரி வரை போய், அங்கே கடல் இருந்ததால் மட்டும் திரும்பி வந்தேன். வண்டியைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"இன்னா நைனா, சத்தமே இல்லாம வந்து நிக்கிற? பேய் வண்டியா இது?"

"கரண்ட் வண்டி, பாய். முன்னாடி ரெண்டுக்கும் கட்டிங் போடணும்."

"காருக்கு கட்டிங் போட்டு எவ்ளோ வருஷம் ஆச்சு! இப்ப எவன் கேக்குறான்? எல்லாம் புச்சு வாங்கிக்கினு போய்ட்றானுங்கோ. குந்து, டீ சொல்றேன்."

இரண்டு பேரும் பழைய கதை பேசிக்கொண்டே வேலை முடிந்தது. மகளே, புது டயர் தோற்றது! பள்ளத்தில் என் விரல் நுழைகிறது. நீ பயந்தாயே அந்தச் சின்ன மேடு, அதையும் மெஹபூப் அலி சுத்தமாகச் செதுக்கி எடுத்துவிட்டார். இனி எவ்வளவு குனிந்து பார்த்தாலும் அது தெரியாது, உனக்கும் அந்தக் கவலை இல்லை. ஓரிரண்டு இடத்தில் உள்ளேயிருந்து வெள்ளையாக நூல் மாதிரி எட்டிப் பார்க்கிறது. பலத்துக்காகக் கம்பெனிக்காரன் வைத்து நெய்தது.

அக்காவுக்குத்தான் சந்தோஷம் இல்லை. "பழசச் சுரண்டினா புதுசாயிடுமாடா? அவ எழுதினபடி செய்யேன்" என்றாள். மெஹபூப் அலியை நேரில் பார்த்தால் இப்படிப் பேச மாட்டாள்.

மௌனம் முடிந்ததும் முதலில் என்னிடம் பேசு.

உன் மாமா
அகஸ்டின்

~

ஏற்காடு
5.10.2025

மாமா,

தியானம் முடிந்து இன்று காலைதான் உங்கள் கடிதம் கைக்கு வந்தது. நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னியுங்கள்.

அந்த வண்டியில் அம்மாவை ஏற்றாதீர்கள். கார் டயரில் பள்ளம் வெட்டக் கூடாது. வெட்ட அதில் ரப்பர் இல்லை. நீங்கள் பார்த்த வெள்ளை நூல்தான் டயரின் கடைசித் தோல். அதற்குப் பிறகு உள்ளே காற்றுதான். அவ்வளவு கனமான வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கினால் வெடித்துவிடும்.

புது டயர் வரும்வரை ஆட்டோவில் போங்கள். வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

போன் கேட்டேன். "வீட்டுக் கவலையை விடப் பழகும் வருடம் இது, டயருக்காகவா போன்?" என்று மதர் கேட்டார்கள். முறை இல்லாவிட்டாலும் இதை எழுத மட்டும் அனுமதித்திருக்கிறார்கள். விரைவுத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன். நாளைக்குத்தான் தபால்காரர் மலைக்கு வருவார். கிடைத்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

டெல்பின்

~

மயிலாப்பூர்
26.10.2025

அன்பு மகளுக்கு,

மாமா சுகம். இங்கே நல்ல மழை. வேளச்சேரியில் படகு விட்டதாகச் சொல்கிறார்கள். லஸ்ஸில் முழங்கால்வரை தண்ணீர், அதனால் என் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்த மாதிரி இருக்கிறது.

உன் விரைவுத் தபால் வந்தது. நீ சொன்னபடியே எல்லாம் நடக்கிறது. ஆட்டோவில்தான் போகிறோம். வண்டி வேளச்சேரி ஒர்க்ஷாப்பில் இருக்கிறது. கிரீஷ் நன்றாகப் பார்த்துக்கொள்கிறான். புது டயர் நான்கும் சொல்லியாகிவிட்டது, நீ கேட்ட அதே டயர். அலைன்மென்ட், பிரேக் ஆயில், கூலன்ட், எல்லாம். கூடவே இடது பக்கக் கதவும் கொஞ்சம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மழையில் பாலத்து இறக்கத்தில் வண்டிக்குச் சின்னதாக ஒரு உரசல். வேறு டிரைவராக இருந்தால் ஆற்றிலேயே இறக்கியிருப்பான். நான் என்பதால் கைப்பிடிச் சுவரோடு போயிற்று. டிராஃபிக் போலீஸ்காரரே வந்து என் கையைக் குலுக்கினார்.

ஜானகி மாமி உன்னைக் கேட்டார்கள். எதிர் வீட்டு ரூபீனாவும் கேட்டாள். நன்றாகச் செபம் செய்யச் சொன்னாள் உன் அம்மா.

உன் மாமா
அகஸ்டின்

~

ஏற்காடு
2.11.2025

அன்பு மாமாவுக்கு,

நான் நலம்.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மழையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். படகைப் பற்றி, போலீஸ்காரரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். "மாமா சுகம்" என்று எழுதிவிட்டு அடுத்த வார்த்தையை எழுதவில்லை.

அம்மா வண்டியில் இடது பக்கம்தான் உட்காருவார்கள். இடது கை கதவோரம்தான் இருக்கும்.

எனக்குக் கதை வேண்டாம் மாமா. கை அதிர்கிறதா, இல்லையா? ஒரு வார்த்தை போதும்.

டெல்பின்

~

மயிலாப்பூர்
12.11.2025

அன்புள்ள டெல்பினுக்கு,

எதிர் வீட்டு ரூபீனா எழுதுகிறேன். நாம் இரண்டு பேரும் ஒன்றாகக் கல்லூரிக்கு ரயில் ஏறிய நாளிலிருந்து உனக்குக் கடிதம் எழுத வேண்டிய அவசியம் வந்ததில்லை. முதல் கடிதம் இப்படி ஆகிவிட்டது. அல்லாஹ் உனக்குப் பொறுமையைத் தரட்டும்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு அகஸ்டின் அங்கிள் என் வாசலுக்கு வந்தார். "ரூபீ, ஒரு வார்த்தை போதும்னு கேக்குறா. எனக்கு எழுத வரல. நீ எழுதிடு" என்றார். அதனால் எழுதுகிறேன்.

அது போன மாதம் ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை. அடையாறில் எனக்கு வேலை என்பதால் வழக்கம்போல் நானும் பின் சீட்டில் இருந்தேன். காலையிலேயே மழை. அங்கிள் வேகமாகப் போகவில்லை, அதை நான் சத்தியமாகச் சொல்வேன். ஆன்ட்டி அன்று செபமாலை மாதா திருநாள் என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். பாலத்து இறக்கத்தில் தண்ணீருக்கு அடியில் ஒரு பள்ளம் இருந்தது. முன்பக்கம் இடது டயர் வெடித்தது. வண்டி அப்படியே இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. கதவு உள்ளே மடங்கி ஆன்ட்டியின் முழங்கையை அழுத்தியது. ரத்தம் வரவில்லை. கீறல்கூட இல்லை. "பாத்தியா, ஒண்ணும் ஆகல! நான் இருக்கேன்ல?" என்று அங்கிள் சொன்னார். ஆன்ட்டி மட்டும் வலது கை விரலை இடது கையில் வைத்துப் பார்த்தார்கள். வைத்த விரலை எடுக்கவே இல்லை. "ரூபீ, நீ கொஞ்சம் பாரேன்" என்றார்கள். நான் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை, டெல்பின்.

சென்டரில் எவ்வளவோ பார்த்தார்கள். உள்ளே ரத்தம் உறைந்து அடைத்துவிட்டது என்றார்கள். இப்போது கழுத்தில் குழாய் போட்டு அது வழியாக டயாலிசிஸ் நடக்கிறது. ஒரு முறை அதில் கிருமி சேர்ந்து காய்ச்சல் வந்து இப்போது தணிந்திருக்கிறது. வலது கையில் வைத்துத் தைக்கலாமா என்று பார்க்கிறார்கள். நரம்பு மெலிசு, பிடிக்குமா என்று தெரியாது என்கிறார்கள்.

உன் விரைவுத் தபால் மறுநாள் காலை வந்தது. அங்கிள் படிக்கட்டிலேயே நின்று படித்தார். மத்தியானம் நான் இறங்கி வந்தபோதும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

தினமும் காலையில் ஆன்ட்டியின் இடது கையில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "அக்கா, இன்னிக்கு லேசா அதிர்ற மாதிரி கீது, இல்ல?" என்று கேட்பார். "ஆமாண்டா, லேசா இருக்கு" என்பார்கள் ஆன்ட்டி. இதை நான் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

உன்
ரூபீனா

~

ஏற்காடு
23.11.2025

அன்பு மாமாவுக்கு,

ரூபீனாவின் கடிதத்தை மதர் முதலில் படித்துவிட்டு, என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டுப் போனைக் கையில் கொடுத்தார்கள். அம்மாவிடம் பேசினேன். "நல்லா இருக்கேன், சாப்டியா?" என்றார்கள். பிறகு உங்களிடம் கொடுக்கச் சொன்னேன். நீங்கள் வெளியே போயிருப்பதாக அம்மா சொன்னார்கள். பின்னால் நீங்கள் இருமியது எனக்குக் கேட்டது.

உங்கள் மேல் கோபப்பட முயன்றேன். இங்கே அதற்கும் ஒரு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள், மாலையில் கோவிலில் தனியாக உட்காரும் நேரம். உட்கார்ந்தால் எனக்கு உங்கள் டயர் தெரியவில்லை. சாவியை உங்கள் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறிய என் முதுகுதான் தெரிகிறது.

நான் மதரிடம் சொல்லிவிட்டேன், இந்த மாதம் இரண்டாவது கடிதம் எழுதவும் அனுமதி வாங்கிவிட்டேன். மடத்தை விட்டு வந்துவிடுகிறேன். இப்போது போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும், ஒருவேளை திரும்பச் சேர்த்துக்கொள்ளாமலும் போகலாம் என்றார்கள். பரவாயில்லை. அம்மாவை நானே ஓட்டிக்கொண்டு போகிறேன். அம்மாவிடம் சொல்லிவிட்டு, எப்போது கிளம்பட்டும் என்று எழுதுங்கள்.

டெல்பின்

~

மயிலாப்பூர்
14.12.2025

அன்பு மகள் டெல்பினுக்கு,

மாமா எழுதுகிறேன். அக்காவுக்குக் காய்ச்சல் இல்லை. வலது கையில் தைத்திருக்கிறார்கள். பிடிக்குமா என்று இன்னும் சில வாரம் போனால்தான் தெரியும். அந்தக் கையை நான் தொடவில்லை. தொட்டுப் பார்க்கிற வேலையை ரூபீனாவிடம் விட்டுவிட்டேன்.

உன் கடிதத்தை அக்காவுக்கு நானே படித்துக் காட்டினேன். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதச் சொன்னாள். "அவ பாதில கெளம்பி வந்தா, நான் அந்த சென்டர் படி மிதிக்க மாட்டேன். நடக்கிறது நடக்கட்டும். அப்படியே எழுது அவளுக்கு. உன் மசாலா எதுவும் சேக்காத." சேர்க்கவில்லை. ஜானகி மாமி வந்து பேசிப் பார்த்தார்கள், ரூபீனா அழுது பார்த்தாள். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சொன்னால் செய்கிறவள்தான் அவள், உனக்கே தெரியும்.

அதனால் வராதே, மகளே. வா என்று எழுதவும் ஆசையாக இருக்கிறது. இரண்டையும் எழுதிவிட்டேன். எதை அடிக்க வேண்டுமோ அதை மதர் அடித்துக்கொள்ளட்டும்.

வண்டி வந்துவிட்டது. புதுக் கதவு. நான்கு புது டயர், கரண்ட் வண்டிக்கென்றே செய்தது. கிரீஷ் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் காட்டினான். ஒவ்வொரு திங்கட்கிழமையும் காற்றுப் பார்க்கிறேன். பத்தாயிரம் ஓடினதும் முன்னது பின்னால், பின்னது முன்னால். பிரேக் ஆயில் எப்போது, கூலன்ட் எப்போது, எது கேட்டாலும் புத்தகத்தைப் பார்க்காமல் சொல்வேன். கிரீஷே சந்தேகம் வந்தால் எனக்குப் போன் போட்டுக் கேட்கிறான். சரி, கேட்பதில்லை. ஆனால் கேட்டால் சொல்வேன்.

வண்டி வந்த அன்று வாசலில் நிறுத்திக் கதவைத் திறந்து வைத்தேன். அக்கா வந்தாள். கோபமே இல்லை. "நல்லாருக்குடா" என்றாள். ஒரு காலை உள்ளே வைத்தாள். வைத்ததும் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. தானாக நடுங்குகிறது, அவள் நிறுத்தப் பார்க்கிறாள், முடியவில்லை. "எறங்கிக்கட்டுமாடா?" என்று என்னைக் கேட்டாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த வாரம் பின் சீட்டில் உட்காரவைத்துப் பார்த்தோம். அதுவும் முடியவில்லை.

இப்போது தெரு முனை ராம்குமாரின் ஆட்டோவில் போகிறாள். கூட நான் ஏறுவதும் அவளுக்கு முடியவில்லை. ஓடும் வண்டியில் பக்கத்தில் என் குரல் கேட்டால் கையை மார்போடு சேர்த்துக்கொள்கிறாள். அவளுக்கே அது தெரியாது. அதனால் ரூபீனா கூட உட்காருகிறாள். நான் ஆட்டோவுக்குப் பின்னால் நம் வண்டியில் வருகிறேன். காலி வண்டி. போகும்போதும் பின்னால், சென்டர் வாசலில் நான்கு மணி நேரம், வரும்போதும் பின்னால். மந்திரி போனால் பின்னாலேயே கறுப்பு வண்டி ஒன்று போகுமே, அந்த மாதிரி என்று ராம்குமாரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். ஆட்டோ ஸ்டாண்டில் எல்லோரும் இப்போது அக்காவை மந்திரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அக்கா அதற்குச் சிரிக்கிறாள்.

சிக்னலில் ஆட்டோ தாண்டிப் போய் எனக்குச் சிவப்பு விழுந்துவிட்டால் பச்சைக்குக் காத்திருந்துதான் எடுக்கிறேன். எடுத்ததும் காலை அழுத்துவதில்லை. பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடித்துத் திட்டுகிறான். திட்டட்டும். ஆட்டோவின் பின்பக்கம் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் ஜன்னல் இருக்கிறது. அதில் அக்காவின் தலை தெரியும். பாலத்து இறக்கம் வந்ததும் ஆட்டோ குலுங்கும். ஒரு கையில் உயிரும் இல்லை, பிடியும் இல்லை, ஒரு கையில் தையல். அவளால் கம்பியைப் பிடிக்க முடியாது. ரூபீனா அவள் தோளைப் பிடித்துக்கொள்வாள். எல்லாம் எனக்குத் தெரியும். எல்லாப் பக்கமும் கண்ணாடி உள்ள வண்டி இது. நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கீழே இறங்கும்வரை அந்தத் தலையையே பார்த்துக்கொண்டு வருகிறேன். அதைத் தவிர எனக்கு அந்த வண்டியில் வேறு வேலை இல்லை.

உன் மாமா
அகஸ்டின்